கதவு பூட்டிக்கிட்டு

ஜெபக்கனி நாற்காலியை இழுத்து வாசலிலேயே போட்டுக்கொண்டாள். ஒரு கால் அறைக்குள், ஒரு கால் வராந்தாவில்.

“கதவ மட்டும் சாத்திராதீங்க டாக்டரம்மா. சாத்துனா எனக்கு மூச்சு நின்னு போவும். பொறவு அதுக்குத் தனியா ஒரு பீஸ் கேப்பிய.”

டாக்டர் சாருலதா சிரித்துவிட்டாள். ஏ.சி.யின் குளிர் முழுவதும் வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போகட்டும். அடையாறில் இருந்த அவளுடைய மனநல மையத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கூலிங்கிளாஸைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு விவாகரத்தைப் பற்றிப் பேசுவார்கள். கால் வைத்த இடத்திலேயே தப்பிக்க வழி பார்த்து உட்காருகிற பேஷண்ட் இதுதான் முதல்.

“ஏட்டி, வாய அடக்கு. வைத்தியத்துக்கு வந்திருக்க” என்று அதட்டினாள் கூட வந்திருந்த வக்கீல் தங்கபுஷ்பம். பிறகு சாருலதாவின் பக்கம் திரும்பி, கோர்ட்டில் பேசுகிற சுத்தமான தமிழுக்கு மாறினாள். “டாக்டர், விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு இறால் பதனிடும் ஆலை. அங்கே ஒரு குளிர் அறை. குளிர் அறைக்கும் வெளி ஹாலுக்கும் நடுவில் சின்ன நடை. நடைக்கு இரண்டு பக்கமும் கதவு. புரிகிறதா?”

“புரிகிறது.”

“உள்ளே ஐந்து பெண்கள் இறால் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் டிராலியைத் தள்ளிக்கொண்டு நடைக்கு வந்தாள். அம்மோனியாக் குழாய் வெடித்தது. இவளுக்குப் பின்னால் உள் கதவு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. கதவு சாத்திக்கொண்டாலே விழுகிற பூட்டு. சாவி சூப்பர்வைசர் இடுப்பில். பெண்கள் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று முதலாளி போட்டுவைத்த ஏற்பாடு. வெளிக் கதவுக்கும் அதே பூட்டு. ஐந்து பேரும் போய்விட்டார்கள். இவளை நடையிலிருந்து மயங்கிய நிலையில் தூக்கினார்கள்.”

ஜெபக்கனி வராந்தாவில் போகிறவர்களை வேடிக்கை பார்த்தாள். வேறு யாருடைய கதையோ சொல்லப்படுவதைப் போல. ஆனால் அவள் கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

“மறுநாளே கதவை மாற்றிவிட்டார்கள். பழைய கதவு எங்கே என்றால் காயலான் கடையில் என்கிறார்கள். கம்பெனி வக்கீல் சொல்கிறார், பூட்டு ஒழுங்காகத்தான் இருந்தது, பயத்தில் யாரோ ஒரு தொழிலாளி இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும் என்று. தானாகப் பூட்டிக்கொண்டதைப் பார்த்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.”

“அப்புறமென்ன? சொல்ல வேண்டியதுதானே?”

“எங்கே சொன்னாள்? போலீஸிடம் சொன்னது பாதி. அதுவும் கோர்ட்டில் செல்லாது, கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். போன தடவை ஏறினாள். வெளியில் கூட்டம், சத்தம். நீதிபதி ஐயா கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினார்கள். இவள் விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் சாட்சி முடிந்தது, கேஸ் முடிந்தது, ஐந்து குடும்பமும் முடிந்தது.”

“வக்கீலம்மாவுக்கு கேஸ்” என்றாள் ஜெபக்கனி மெதுவாக. “எனக்கு அது இல்ல டாக்டரம்மா. எம்பிள்ள எஸ்தர் இருக்கா. ஓடி வந்து கழுத்தக் கட்டுவா. கட்டுன ஒடனே தட்டி விட்டுருதேன். யாரு கைய வச்சு மூடினாலும் எனக்குக் கதவுதான். ராவு வெளிய முத்தத்துலதான் படுக்கேன், மழ பெஞ்சாலும். அவ அப்பா கூடப் படுத்துக்கிடுதா. அந்தப் பிள்ளைக்கு அம்மா கெட்ட அம்மா ஆயிட்டு.”

சாருலதா காத்திருந்தாள். ஜெபக்கனி அதற்கு மேல் பேசவில்லை. வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது போலிருந்தது. அன்று முழுவதும் அவள் பேச்சு அப்படித்தான் அங்கங்கே அறுந்து தொங்கியது. அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் வாக்கியங்களை முடிப்பதில்லை என்று சாருலதா படித்திருக்கிறாள். நோய்க் குறிப்பில் அதையும் சேர்த்தாள்.

“உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?”

“கொத்தனாரு.”

“அப்ப சுலபமாப் புரியும். ஞாபகம்னா கல்லு இல்ல, சிமென்ட். ஒரு விஷயத்தை நினைச்சுப் பார்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் இளகி, ஈரமாகும். சில மணி நேரத்துல மறுபடி காயும். நாங்க குடுக்குற மாத்திரை அதை இன்னும் நல்லா இளக்கிடும். நீங்க நடந்ததை, இப்ப நடக்கற மாதிரி சொல்லணும். மெஷின் கேட்டுக்கும். அப்புறம் அதையே உங்க குரல்லயே அமைதியாத் திருப்பிச் சொல்லும். நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்க. காயும்போது பயம் இல்லாமக் காயும்.”

“நடந்தது மாறிருமா?”

“மாறாது. பயம் மட்டும்தான் போகும்.”

ஜெபக்கனி யோசித்தாள். “ஈரத்துல நாய் ஓடுனா?”

“என்னது?”

“தளம் போட்டு ஈரமாக் கெடக்கையில நாய் ஓடிட்டுன்னு வைங்க. தடம் விழுந்துரும்லா? காஞ்ச பொறவு ஒண்ணுஞ் செய்ய முடியாது. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளைக்குக் கம்போட காவல் நிப்பாரு.”

“இங்க நாய் கிடையாது” என்றாள் சாருலதா.

மெஷினுக்கு மறுசொல்லி என்று பெயர் வைத்தவன் கிஷோர். அதற்கு சாஃப்ட்வேர் எழுதியவனும் மையத்தில் வேலை பார்த்த அவன்தான். தாம்பரத்தைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிற பையன். கெட்டிக்காரன். “மேடம், அழுகை, விக்கல், இருமல், மூச்சு, தேவையில்லாத கேப் எல்லாத்தையும் தூக்கிடும். ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொன்னா ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கட் பண்ணிடும். கேக்கறதுக்கு நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கும்” என்பான்.

முதல் அமர்வில் ஜெபக்கனி மாத்திரையை விழுங்கி, கண்ணை மூடி, திறந்த வாசலை ஒரு கையால் தொட்டபடி சொன்னாள்.

“ட்ராலியத் தள்ளிக்கிட்டு நடையில வாரேன். சுள்ளுனு வாடை. கண்ணு எரியுது. உள்ள ராசாத்தி கத்துதா. எல்லாரும் கத்துதாவ. திரும்புதேன். கதவு பூட்டிக்கிட்டு...”

உடைந்தாள். தொண்டையிலிருந்து ஒரு விம்மல் கிளம்பி, பாதியில் மாட்டி, வெளியே வர நெடுநேரம் பிடித்தது.

“ஓடிப் போயி தட்டுதேன். தட்டுதேன். தட்டுதேன். தட்டிக்கிட்டே நிக்கேன். நிக்கேன் டாக்டரம்மா...”

கிஷோரின் மெஷின் அதைச் சுத்தம் செய்து கொடுத்தது. ஹெட்ஃபோனில் ஜெபக்கனியின் குரலே ஜெபக்கனிக்குச் சொன்னது. சலனமில்லாத குரல். காய்கறி விலை சொல்வதைப் போல: “உள்ள ராசாத்தி கத்துதா. திரும்புதேன். கதவு பூட்டிக்கிட்டு ஓடிப் போயி தட்டுதேன்.”

சாருலதாவும் இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிபார்த்தாள். ஒரு வார்த்தைகூடக் கூடவில்லை. எல்லாம் அவள் சொன்னதுதான்.

பலன் கைமேல் தெரிந்தது. அடுத்த வாரம் நாற்காலி முழுவதும் அறைக்குள் வந்தது. அதற்கடுத்த வாரம் ஜன்னலோரம் போனது. பிறகு ஒருநாள் ஜெபக்கனி உள்ளே வந்து, முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு, திரும்பி, தன் கையாலேயே கதவைச் சாத்தினாள்.

டக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன முழிக்கிய? ஏ.சி. காத்து வெளிய போவுதுன்னு கீழ அந்த ரிசப்ஷன் பிள்ள மொறைக்கா” என்றாள் ஜெபக்கனி.

அன்று லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்தாள், பொருட்காட்சிக்கு வந்த குழந்தை மாதிரி. ஊருக்குப் போய்விட்டு அடுத்த தடவை வந்தபோது போனில் ஒரு படம் காட்டினாள். சாத்திய அறைக்குள், பாயில், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். எடுத்தது கொத்தனார்.

சாருலதா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜெபக்கனி சொன்னாள்.

“ஒண்ணு சொல்லணும் டாக்டரம்மா. கதவப் பூட்டுனது நாந்தான்.”

போன் சாருலதாவின் கையிலேயே இருந்தது.

“என்ன சொல்றீங்க?”

“இப்பத்தான் எல்லாம் தெளிவாத் தெரியுது. வாடை வந்த ஒடனே திரும்புதேன். கேஸு நடைக்கு வந்துரக் கூடாதுன்னு கதவ இழுத்துச் சாத்துதேன். டக்குனு பூட்டு விழுந்துட்டு. விழுந்த ஒடனே ஓடிப் போயி வெளிக் கதவத் தட்டுதேன். கைப்பிடி சில்லுனு இருந்துச்சு. இந்தா, இந்த வெரலுல இன்னமும் இருக்கு.” விரலை நீட்டிக் காட்டினாள். “அஞ்சு பேரும் என்னாலதான் போனாவ. கோர்ட்டுல சொல்லிருதேன்.”

“ஜெபக்கனி... இதை எப்படி இவ்வளவு அமைதியாச் சொல்றீங்க?”

“நீங்கதான அமைதியக் குடுத்தது?”

சாருலதா அதை நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. பயம் விலகினால் அடியில் இருப்பது மேலே வரும் என்று அவளே மேடைகளில் பேசியிருக்கிறாள். இத்தனை நாள் பயம் என்று காட்டிக்கொண்டது குற்ற உணர்ச்சி. இப்போது திரை விலகிவிட்டது. பாவம், உயிருக்குப் பயந்து செய்தது. யாராயிருந்தாலும் செய்திருப்பார்கள். ஆனால் அந்த ஐந்து குடும்பங்கள்? பேஷண்ட் சொன்னதை வெளியே சொல்லும் உரிமை சாருலதாவுக்குக் கிடையாது. சொல்லாமலிருந்தால் தங்கபுஷ்பம் தன் கேஸைத் தானே வெட்டிப் போடுகிற ஒருத்தியைக் கூண்டில் ஏற்றப் போகிறாள்.

“வக்கீலம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றாள்.

“சொல்லிட்டேன். வண்டி ஏறி வாராவ. உங்களத்தான் கொல்லப் போறதாச் சொன்னாவ.”

மறுநாள் காலை தங்கபுஷ்பத்தின் போன் வந்தது. பின்னணியில் ஹாரன்களும் இரைச்சலும்.

“டாக்டர், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். மழ வந்துட்டு.”

“ம்.”

மறுமுனையில் இரைச்சல் மட்டும்.

“சொல்லுங்க மேடம், மழை வந்துட்டு...?”

“என்னத்த சொல்ல? வந்துட்டு.”

“மழை வந்துட்டு, அப்புறம்?”

“அப்புறம் என்ன, நனைஞ்சுக்கிட்டு நிக்கேன்! மழ வந்துட்டுன்னா வந்துட்டுதான். உங்க ஊருல எப்படிச் சொல்லுவிய? ‘வந்துடுச்சு.’ அதத்தான் நாங்க வந்துட்டுங்கோம். காலங்காத்தால எனக்குத் தமிழ் டியூசன் எடுக்கியளா? நானே ஜெபா இப்படிச் சொல்லிட்டாளேன்னு...”

அதற்கப்புறம் சாருலதா கேட்கவில்லை.

வந்துட்டு. வந்துவிட்டது. ஆயிட்டு, ஆகிவிட்டது. விழுந்துட்டு, விழுந்துவிட்டது. அவள் நோய்க் குறிப்பில் முடியாத வாக்கியங்கள் என்று எழுதிவைத்த அத்தனையும் முடிந்த வாக்கியங்கள். ஒரு பெண்ணின் ஊர்ப்பேச்சை வியாதி என்று எழுதிவைத்திருக்கிறாள்.

கதவு பூட்டிக்கிட்டு.

மைய சர்வரிலிருந்து முதல் பதிவைத் தேடி எடுத்தாள். கிஷோரின் மெஷின் கை வைக்காத பதிவு. “திரும்புதேன். கதவு பூட்டிக்கிட்டு.” அங்கே குரல் இறங்கி உட்கார்ந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. அதோடு அந்த வாக்கியம் முடிந்தது. பிறகு அந்த விம்மல். பிறகு, புதிதாக ஒரு வாக்கியம்: “ஓடிப் போயி தட்டுதேன்.” ஓடியது உள் கதவை நோக்கி. ராசாத்தியை நோக்கி.

விம்மலை எடுத்தார்கள். இரண்டு வாக்கியங்களும் ஒட்டிக்கொண்டன. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள் என்று ஆகிவிட்டது. தட்டிக்கிட்டே நிக்கேன் என்று அவள் கதறியதைத் தேவையில்லாத திரும்பச் சொல்லல் என்று வெட்டிவிட்டார்கள். மிச்சத்தை அவளுடைய குரலிலேயே, ஈரமாக இருந்த நேரத்தில், வாரா வாரம் அவள் காதில் ஊற்றினார்கள்.

கிஷோரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். அவன் இரண்டு தடவை கேட்டான்.

“மேடம்... மெஷின் ஒரு வார்த்தைகூட மாத்தலையே. ஒரு அழுகையைத்தான் எடுத்துச்சு.”

“அது அழுகை இல்ல கிஷோர். முற்றுப்புள்ளி.”

தங்கபுஷ்பம் நனைந்த புடவையோடு வந்து முழுக்கதையும் கேட்டாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோர்ட் தமிழ் அவளிடமிருந்து எங்கோ போயிருந்தது.

“சரி, செஞ்சது செஞ்சாச்சு. மறுபடி ஈரமாக்கி மாத்துங்க.”

“முடியும். ஆனா இந்த முறையில ஒரு தடவை காஞ்சது முன்னைவிட இறுக்கமாக் காயும். மருந்து அளவு கூடும். அவங்க முழு மனசோட ஒத்துக்கிட்டு, பழைய பயத்துக்குள்ள திரும்பப் போய் நிக்கணும். கட்டாயப்படுத்தினா இன்னும் கெடும்.”

“டேப்ப கோர்ட்டுல போடுவோமா?”

சாருலதா நிமிர்ந்தாள். “போடலாம். நான் சாட்சி சொல்றேன். என் தப்புதான்னு சொல்றேன்.”

தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினாள். “இல்ல. டேப்பப் போட்டா கம்பெனி வக்கீலு கேக்குற மொதக் கேள்வி என்ன? ‘இந்தச் சாட்சியோட மூளைய எத்தன தடவ கழுவுனீங்க?’ அதோட அவ சொல்லுறது, நீங்க சொல்லுறது, டேப்பு, எல்லாமே குப்பை. அவன் ஜெயிச்சுட்டுப் போயிருவான். டாக்டர், நீங்க நல்லது செய்யுறேன்னு நம்ம மூணு பேரையும் உள்ள வச்சுப் பூட்டிட்டிய.”

ஜெபக்கனியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். அசல் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தன் விம்மலைத் தானே கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ அழுவதைக் கேட்கிற முகம்.

“பாவம்லா” என்றாள்.

“ஏட்டி ஜெபா, அது நீதான்! ‘கதவு பூட்டிக்கிட்டு’ங்கிய. தானாப் பூட்டிக்கிட்டுன்னு நம்ம ஊருல எந்தப் பச்சப்பிள்ளைக்கும் தெரியும்!”

“ரெண்டு விதமாவும் சொல்லலாம் எக்கா. பூட்டிக்கிட்டு ஓடுனேன்னும் நம்ம ஊருல சொல்லுவோம்.” குரலில் வாதாடுகிற தொனி இல்லை. “வெரலுல சில்லுனு இருக்கே. அது எப்படி?”

“அது பிறகு உண்டானது” என்றாள் சாருலதா. “மூளை இட்டு நிரப்பிக்கும். ஜெபக்கனி, நீங்க எதுவும் பண்ணல. நீங்க அவங்களை விட்டுட்டு ஓடல. திரும்பி அவங்ககிட்டதான் ஓடினீங்க. கை வீங்கற வரைக்கும் தட்டினீங்க. ஒரே ஒரு தடவை மறுபடி உட்காருங்க. மாத்திடறேன்.”

“அந்தப் பயத்தோடயா?”

“...ஆமா. கொஞ்ச நாளைக்கு.”

“எவ்வளவு நாளு?”

சாருலதாவுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள்.

ஜெபக்கனி எழுந்து போய், சாத்தியிருந்த கதவில் சாய்ந்து நின்றாள். முதுகு முழுவதும் கதவில் படிந்திருந்தது.

“அந்த டேப்புல இருக்கவ ரெண்டு கதவுக்கு நடுவுல நிக்கா. அங்கனயும் தொறக்க முடியல, இங்கனயும் தொறக்க முடியல. அவ கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு வருசம் நான் அங்கனதான் நின்னேன். இப்ப எம் மனசுல இருக்கவ தப்பு செஞ்சவதான். ஆனா அவ ஓடுதா டாக்டரம்மா. கதவு அவ கையில இருந்திருக்கு. நான் கொலகாரியா இருந்தாக்கூட எம்பிள்ளையக் கட்டிப் பிடிச்சுத் தூங்குதேன். நீங்க என்னய நல்லவளாக்கி மறுபடி நடையில நிப்பாட்டுதேங்கிய. வேண்டாம்.”

“உள்ள தள்ளிருவான்டி!” என்றாள் தங்கபுஷ்பம். “எஸ்தர யாரு பாப்பா?”

ஜெபக்கனி கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

தூத்துக்குடி கோர்ட்டில் அன்று நல்ல கூட்டம். ஐந்து குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். ராசாத்தியின் அம்மா முதல் பெஞ்சில் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். சாருலதா கடைசி பெஞ்சில். முந்தின நாள் முழுக்க அவளும் தங்கபுஷ்பமும் பேசிப் பார்த்துவிட்டார்கள். “மனசுல என்ன தோணுதோ அதச் சொல்லுதேன்” என்பதற்கு மேல் ஜெபக்கனி வாயைத் திறக்கவில்லை. சாட்சியாகக் கூப்பிடாமல் விட்டுவிடலாமா என்று தங்கபுஷ்பம் யோசித்தாள். விட்டால் கேஸே இல்லை.

நீதிபதி வேலூர்ப் பக்கத்துக்காரர். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினார்கள்.

கூண்டில் ஜெபக்கனி அசையவில்லை. கடவுள் சாட்சியாகச் சொல்வதெல்லாம் உண்மை என்று திருப்பிச் சொன்னாள். பேர், ஊர், வேலை. டிராலி. வாடை. ராசாத்தி கத்தியது. கம்பெனி வக்கீல் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

“திரும்பிப் பாத்தேன். கதவு பூட்டிக்கிட்டு.”

டைப்பிஸ்ட்டின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

“பூட்டிக்கிட்டு? பூட்டிக்கிட்டு என்னம்மா பண்ணீங்க?”

சாருலதா முன் பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் பாதி எழுந்து, கம்பெனி வக்கீல் முறைப்பதைப் பார்த்து உட்கார்ந்தாள். சாட்சிக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

ஜெபக்கனி முதல் பெஞ்சைப் பார்த்தாள். ராசாத்தியின் அம்மாவை. பிறகு நீதிபதியை.

“நான் ஒண்ணும் பண்ணல ஐயா. அதுவாப் பூட்டிக்கிட்டு. பூட்டிக்கிச்சு, உங்க ஊருத் தமிழுல. உள்ள இருந்தவிய கத்துனாவ. நான் ஓடிப் போயி அந்தக் கதவத்தான் தட்டுனேன். தட்டிக்கிட்டே நின்னேன். யாரும் வரல.”

பின்னால் யாரோ வாய்விட்டு அழுதார்கள். கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்தார். பயமுறுத்தினார், குழப்பினார், நக்கலடித்தார். “பயத்துல இருந்த நேரத்துல நடந்தது இவ்வளவு துல்லியமா ஞாபகம் இருக்கோ?” என்றார். “நீங்க ஒருநாள் உள்ள நின்னு பாருங்க சார், ஞாபகம் இருக்கும்” என்றாள். கோர்ட்டில் சிரிப்பு. ஜெபக்கனியின் குரல் கடைசி வரைக்கும் ஒரே சீராக இருந்தது. இவ்வளவு அமைதியான சாட்சியைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று நீதிபதி குறித்துக்கொண்டதாகத் தங்கபுஷ்பம் பிறகு சொன்னாள்.

வெளியே வந்ததும் ராசாத்தியின் அம்மா ஜெபக்கனியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெபக்கனி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நோட்டரிக்காரர்களின் மேஜைகளுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

சாருலதா கிட்டத்தட்ட ஓடினாள்.

“ஜெபக்கனி! எப்போ ஞாபகம் வந்துச்சு? நேத்தா? இன்னிக்குக் கூண்டுலயா? தானா திரும்பறது ரொம்ப ரொம்ப அபூர்வம், தெரியுமா?”

“என்னது ஞாபகம் வந்துச்சு?”

“கதவு. தானாப் பூட்டிக்கிட்டது.”

ஜெபக்கனி குழாயை மூடினாள்.

“அது எப்படி வரும்? இழுத்துச் சாத்துனது நாந்தான. என் கைக்குத் தெரியாதா?”

“அப்ப... உள்ள சொன்னது?”

“பொய்.” சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “வக்கீலம்மா கேட்டா சாவு. நீங்க ரெண்டு பேரும் அந்த டேப்புல இருக்கவ என்ன சொல்லுதான்னு காட்டுனியள்லா? அத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். நான் செயிலுக்குப் போனா எஸ்தரு தனியாப் போயிருவா. அந்த அஞ்சு வீட்டுக்கும் பத்துப் பைசா பேராது. சாத்துனது நானா இருந்தாலும், பூட்டு அவன் போட்டதுதான? அதான் ஆண்டவர் பேரச் சொல்லி, அத்தன பேரு முன்னால... ராசாத்தி அம்மா எங்கையப் பிடிச்சு கண்ணுல ஒத்துதாவ. அவிய மகளக் கொன்ன கைய.”

“அது பொய் இல்ல. நீங்க சொன்னதுதான் உண்மை. நீங்க சத்தியமா உண்மையத்தான் சொன்னீங்க.”

ஜெபக்கனி அவளைப் பரிவோடு பார்த்தாள். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பெரியவர்களைப் பிள்ளைகள் பார்ப்பது மாதிரி.

“நீங்க நல்லவிய. அப்படித்தான் சொல்லுவிய.”

சாருலதா அந்தப் பதிவைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். விம்மலைப் பற்றி, மெஷினைப் பற்றி. சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது கோர்ட்டுக்காகத் தயாரித்த கதை போல ஒலித்தது. ஜெபக்கனி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். முடிகிற வரை மரியாதையாகக் காத்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“முன்ன இருந்தது பயம் டாக்டரம்மா. இது வேற மாதிரி. சோறு எறங்கல. நேத்து ராவே நெஞ்சுல கல்லு மாதிரி வந்து உக்காந்துட்டு. பிள்ளையக் கட்டிக்கிட்டுப் படுத்தா, இந்தப் பிள்ளைக்காவத்தான பொய் சொல்லப் போறோம்னு தோணுது. கை எடுத்துருதேன்.” கொஞ்சம் தயங்கினாள். “உங்களாலதான் முடியும். மத்ததெல்லாம் இருக்கட்டும். இன்னிக்குக் கூண்டுல நின்னு சொன்னத மட்டும் ஈரமாக்கி, வலி இல்லாமப் பண்ணிருவியளா? இல்லன்னா அழிச்சே விட்ருவியளா?”

கூண்டில் நின்று சொன்னது. அவள் தலைக்குள் விபத்து நடந்த நாளைப் பற்றி மிஞ்சியிருந்த ஒரே உண்மை.

சாருலதாவால் முடியும். மாத்திரை பையிலேயே இருந்தது. கிஷோர் மெஷினைச் சரிசெய்து வைத்திருந்தான், இப்போது அது எந்த ஊர்த் தமிழையும் தப்பில்லாமல் கேட்கும். முடியாது என்று சொன்னால் இவள் இந்தக் கல்லோடு வீட்டுக்குப் போவாள். முடியும் என்றால்?

“ஜெபா! வேன் ரெடியாயிட்டு!” என்று வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கபுஷ்பம் சந்தோஷமாகக் கத்தினாள்.

“இந்தா வாரேன் எக்கா!” என்று குரல் கொடுத்துவிட்டு ஜெபக்கனி சாருலதாவின் பக்கம் திரும்பினாள்.

“எப்ப வரட்டும் டாக்டரம்மா?”